20ஆ, 21ஆ? வெள்ளவத்தைப் பலகையில் ஒரு திகதித் தகராறு

2019 ஜூலையில் எங்கள் சனிக்கிழமை அறிவியல் வட்டத்துப் பிள்ளை ஒருத்திக்கு வினாடி வினாப் போட்டியில் இரண்டு புள்ளி போனது. காரணம் நாங்கள். பிழையாகச் சொல்லிக்கொடுத்திருந்தால் மன்னிப்புக் கேட்டு முடித்திருக்கலாம். நாங்கள் சொல்லிக்கொடுத்தது சரி, அதனால்தான் புள்ளி போனது. வட்டத்தை நடத்தும் மற்ற இருவருக்காக அப்போதே ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தேன். வேறு இடங்களில் இப்படிப் பலகை வைப்பவர்கள் கேட்டதால் அதை இங்கே விரித்து எழுதுகிறேன்.

முதலில் இடம். வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் ஒரு வாசிகசாலை, அதன் மேல்மாடிதான் எங்களுக்கு. சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்குத் தரம் 6 முதல் 10 வரை படிக்கும் பிள்ளைகள் இருபது பேரளவில் வருவார்கள். கரையோர ரயில் போனால் பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும், அவ்வளவு கிட்ட. மாடிப்படி தொடங்கும் இடத்தில் பச்சைத் துணி ஒட்டிய அறிவித்தல் பலகை ஒன்று இருக்கிறது. அந்த வருடத் தொடக்கத்தில் அதில் "அறிவியலில் இந்த நாள்" என்று தலைப்பிட்டு 24 அட்டைகள் குத்தினோம், மாதத்துக்கு இரண்டு. பட்டியலை எடுத்தது நான். ஒரே இரவில், இணையத்தில், அமெரிக்கத் தளம் ஒன்றிலிருந்து இறக்கித் தமிழாக்கினேன். இந்தக் கதையின் மூலப் பிழை அதுதான். யாருடைய பட்டியல் என்று நான் யோசிக்கவே இல்லை.

அந்த வருடம் ஜூலை முக்கியமானது. மனிதன் நிலவில் கால் வைத்து 50 வருடம். ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்குப் பிறகு பல கிழமைகள் வட்டம் நடக்கவில்லை. ஜூன் மாதம்தான் மறுபடி தொடங்கினோம், பிள்ளைகளின் பைகளை வாசலில் திறந்து பார்த்து உள்ளே விட்டபடி. ஏதாவது சந்தோஷமாகச் செய்ய வேண்டும் என்று எல்லோருக்கும் ஒரு தவிப்பு இருந்தது. ஜூலை 20 சனிக்கிழமையாக வந்தது இன்னும் வசதி. 21 ஞாயிறு, குண்டுவெடிப்பு நடந்து சரியாக மூன்று மாதம். குண்டு வெடித்த கொச்சிக்கடைத் தேவாலயத்துக்குப் போக வேண்டிய குடும்பங்களும் எங்களிடம் இருந்தன. ஆகவே ஒருவரும் 20ஐக் கேள்வி கேட்கவில்லை. பட்டியலும் 20 என்றது, கலண்டரும் இடம் கொடுத்தது. இதற்கிடையில் ஜூலை 23ம் வரும், 1983 கறுப்பு ஜூலையின் நினைவு நாள். அதைப்பற்றி அறிவியல் பலகையில் ஒன்றும் போடமாட்டோம், ஆனால் கொழும்புத் தமிழ் வீடுகளில் பெரியவர்கள் அந்த மாதம் எண்ணிக்கொண்டிருப்பது எந்தத் திகதியை என்று பிள்ளைகளுக்கும் தெரியும்.

சாட்சி

ஜூலை முதற் கிழமை. கீழே பத்திரிகை வாசிக்க வரும் ஐயா ஒருவர், எழுபது கடந்தவர், படிக்கட்டடியில் நின்று பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளை, உந்தத் திகதி பிழை."

"எது ஐயா?"

"நிலவிலை இறங்கினது இருபதாம் திகதி எண்டு போட்டிருக்கு. எங்களுக்கு அது இருபத்தொண்டு. நான் அண்டைக்கு இரவு டியூட்டி."

1969இல் அவர் தந்திப் பகுதியில் புதிதாகச் சேர்ந்த இளைஞர். நள்ளிரவு கடந்து இரண்டு மணிக்குக் கிட்ட, இறங்கிவிட்டார்கள் என்று செய்தி வந்ததாம். உடனே எல்லோரும் வெளியே ஓடி வந்து வானத்தைப் பார்த்தார்களாம். "நிலவைக் காணேல்லை. முகில் இல்லை. நிலவே இல்லை." விடியக் கடமை முடிந்து சைக்கிளில் வீட்டுக்குப் போய், எட்டரை மணியளவில் வானொலியில் ஆள் கால் வைத்ததைக் கேட்டாராம். அன்றைக்கு இலங்கையில் தொலைக்காட்சி கிடையாது, அது 1979இல்தான் வந்தது. அப்போது வானொலிதான், அதுவும் இலங்கை வானொலி என்ற பழைய பெயர் மாறி ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமாகி இரண்டு வருடம் ஆன காலம்.

அன்று என்ன கிழமை என்று கேட்டேன். சிரித்தார். அந்த வருடங்களில் கிழமை யாருக்கு ஞாபகம் இருக்கும்? 1966 முதல் 1971 வரை இந்த நாட்டில் சனி ஞாயிறு விடுமுறையே இல்லை. நிலவின் நான்கு கட்டங்களில் வரும் போயா நாளும் அதற்கு முதல் நாளும்தான் வாரவிடுமுறை. நிலவு எப்போது வளர்கிறது, எப்போது தேய்கிறது என்பதைப் பார்த்துத்தான் கந்தோருக்குப் போகும் நாளே தீர்மானமாகும். நிலவில் மனிதன் நடந்தபோது நிலவைப் பார்த்து லீவு எடுத்துக்கொண்டிருந்த நாடு இது என்று பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். நானும் போய்ப் பார்த்துத்தான் நம்பினேன்.

ஐம்பது வருடத்து ஞாபகம். அதை வைத்து மட்டும் அட்டையை மாற்ற முடியாது, ஆனால் சோதித்துப் பார்க்கலாம்.

கணக்கு

அப்பல்லோ 11இன் ஈகிள் கலம் நிலவின் தரையைத் தொட்டது கிறீன்விச் நேரப்படி ஜூலை 20, இரவு 8:17. கொழும்பு நேரம் அதற்கு ஐந்தரை மணி முந்தியது. கூட்டினால் ஜூலை 21 அதிகாலை 1:47. ஆம்ஸ்ட்ரோங் கால் வைத்தது கிறீன்விச்சில் ஜூலை 21 அதிகாலை 2:56, கொழும்பில் காலை 8:26. இரண்டுமே எங்களுக்கு 21தான். ஐயா சொன்ன "இரண்டு மணிக்குக் கிட்ட", "எட்டரை மணியளவில்" இரண்டும் பொருந்தின.

எனக்கு அதைவிடப் பிடித்தது அந்த நிலவில்லா வானம். அந்த மாதம் அமாவாசை 14ஆம் திகதி, முதற்கால் நிலவு 22. அதாவது வளர்பிறையின் ஏழாம் நாளை நெருங்கிய நிலவு. அப்படிப்பட்ட நிலவு கொழும்பில் நள்ளிரவுக்கு முன்பே கடலில் இறங்கிவிடும், அடுத்த நாள் நண்பகலை நெருங்கும்போதுதான் மறுபடி எழும். 1:47க்கு வெளியே ஓடி வந்தவர்கள் நிலவைக் கண்டிருக்க முடியாது. 8:26க்கும் அது அடிவானத்துக்குக் கீழேதான். இந்த நேரத்தை யாராவது பிறகு புத்தகத்தில் பார்த்துச் சொல்லலாம். நிலவு இல்லாததை அங்கே நின்று பார்த்தவர்தான் சொல்வார்.

தகராறில் பாதி எங்கள் மொழியிலும் இருந்தது. "நிலவில் இறங்கினான்" என்று தமிழில் சொன்னால் கலம் இறங்கியதா, ஆள் ஏணியால் இறங்கியதா? இரண்டுக்கும் இடையில் ஆறு மணி 39 நிமிடம். கிறீன்விச்சில் அந்த இடைவெளிக்குள் நாள் மாறிவிடுகிறது: கலம் இறங்கியது 20, ஆள் இறங்கியது 21. அமெரிக்கக் கிழக்குக் கரையில் ஆள் இறங்கும்போது இரவு 10:56, இன்னும் 20தான். ஆகவே "மனிதன் நிலவில் கால் வைத்தது ஜூலை 20" என்பது அமெரிக்கா இருக்கும் பக்கத்துக் கடிகாரங்களில் மட்டும் சரி. லண்டனில்கூட அது 21.

கொழும்புவாசி ஒருவருக்கு மட்டும் அது 20ஆகவே இருந்தது. 1956 முதல் இலங்கையில் குடியிருந்த ஆர்தர் சி. கிளார்க் அந்த இரவு அமெரிக்கத் தொலைக்காட்சி நிலையம் ஒன்றில் நேரலைக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். பின்னாளில் அவர் இறந்ததும் கொழும்பில்தான், பொரளை கனத்தையில் அடக்கம்.

சரி, கணக்கு முடிந்தது. அட்டையைக் கழற்றி, 20ஐ வெட்டி, சிவப்பு மையால் 21 என்று எழுதிக் குத்தினோம். பிள்ளைகளுக்குப் பெரிய பெருமை. உலகம் முழுக்கப் பிழையாகச் சொல்கிறது, வெள்ளவத்தை மட்டும் சரி என்ற மாதிரி. அந்தப் பெருமையில்தான் இரண்டாவது பிழை நடந்தது.

புள்ளி போன கதை

தரம் 8 படிக்கும் பிள்ளை ஒருத்தி அந்த மாதக் கடைசியில் ஒரு வினாடி வினாப் போட்டிக்குப் போனாள். எழுத்துச் சுற்றில் கேள்வி: மனிதன் முதன்முதலில் நிலவில் கால் பதித்த திகதி? அவள் 1969.07.21 என்று எழுதினாள். விடைத்தாளில் 20. பிழை போட்டார்கள். இரண்டு புள்ளியால் மூன்றாம் இடம் போனது. அடுத்த சனிக்கிழமை தாய் மேலே ஏறி வந்தார்.

"நீங்கள் சொன்னபடியாத்தானே அவள் அப்பிடி எழுதினவள்? எல்லாப் புத்தகத்திலையும் இருபதெண்டுதான் கிடக்கு."

"அன்ரி, இருபத்தொண்டும் சரிதான்..."

"சரியெண்டால் ஏன் பிழை போட்டவை?"

எனக்குப் பதில் வரவில்லை. போட்டி நடத்தினவர்களைக் குறை சொல்லலாம், சொன்னேன்தான். ஆனால் வீட்டுக்குப் போய் யோசித்தால், அந்த 21ஐ நாங்கள் குத்தியதும் அவர்கள் 20ஐ எழுதியதும் ஒரே விதம். இரண்டிலும் யாருடைய கடிகாரம் என்று எழுதவில்லை. ஐயாவிடமிருந்து நாங்கள் எடுத்திருக்க வேண்டியது, ஒரு திகதி ஏன் இரண்டாகிறது என்ற கணக்கை. நாங்கள் எடுத்ததோ விடையை மட்டும். பிள்ளையின் கையில் "20, அமெரிக்க நேரம், எங்களுக்கு 21 காலை 8:26" என்று ஒரு வரி இருந்திருந்தால் புள்ளி கொடுப்பவருக்கும் யோசிக்க ஒரு நிமிடம் கிடைத்திருக்கும். கொடுத்திருப்பாரா என்பது வேறு விஷயம்.

அவள் மட்டும் அலட்டிக்கொள்ளவில்லை. "அக்கா, அப்ப மற்ற இருபத்துமூண்டும்?" என்று கேட்டாள்.

மற்ற அட்டைகள்

ஒவ்வொன்றாகக் கழற்றினோம். பெரும்பாலானவை தப்பின. 1961 ஏப்ரல் 12, விண்வெளிக்குப் போன முதல் மனிதர் ககாரின்: கிறீன்விச் 6:07க்குப் புறப்பட்டார், கொழும்பில் முற்பகல் 11:37. 108 நிமிடத்தில் பூமியைச் சுற்றித் தரைக்கு வந்தபோது இங்கே பகல் 1:25. ஒரு மத்தியானச் சாப்பாட்டுக்குள் அடங்கிய பயணம், திகதியில் பிரச்சினை இல்லை. பிரச்சினை வேறு. அது சித்திரைப் புதுவருட லீவுக்குள் விழும். ஊருக்குப் போன பிள்ளைகள் திரும்பி வரும்போது அட்டையின் காலம் முடிந்திருக்கும். இனி அதை டிசம்பரில் குத்துவது என்று முடிவு. 1961 டிசம்பரில் ககாரின் இலங்கைக்கே வந்திருக்கிறார், அதைவிட்டு ஏன் ஏப்ரலைப் பிடித்துத் தொங்க வேண்டும்?

முதல் செயற்கைக்கோள் ஸ்புட்னிக்கின் அட்டை தப்பவில்லை. 1957 ஒக்டோபர் 4 என்பது மொஸ்கோத் திகதி. கிறீன்விச் இரவு 7:28க்கு ஏவினார்கள், கொழும்பில் 5ஆம் திகதி அதிகாலை 12:58. இதில் ஒரு வேடிக்கை, கசகஸ்தானில் ஏவுதளம் இருந்த இடத்திலேயே நள்ளிரவு கடந்துவிட்டது. ரொக்கெட் கிளம்பிய மண்ணிலும் 5, எங்களுக்கும் 5. இருந்தாலும் 4இல்தான் உலக விண்வெளி வாரம் தொடங்குகிறது. தலைநகரத்தின் கடிகாரம் வென்றுவிட்டது. அந்த அட்டையில் 4ஐ வைத்துக்கொண்டு கீழே எங்கள் நேரத்தையும் எழுதினோம்.

1997 ஜூலை 4 செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் அட்டையில் ஒரு சின்னச் சண்டை. கிறீன்விச் மாலை 4:57. ஒரு பையன் ஐந்தரையைக் கூட்டி இரவு 10:27 என்றான். அங்கேதான் ஐயா மறுபடி வந்தார். 1996இல் மின்சாரத் தட்டுப்பாட்டால் கடிகாரத்தை முன்தள்ளினார்களே, மறந்துவிட்டீர்களா என்றார். மே மாதம் ஒரு மணி கூட்டி, ஒக்டோபரில் அரை மணி குறைத்து, அப்புறம் 2006 ஏப்ரல் வரை ஆறு மணி வித்தியாசத்திலேயே ஓடியது. ஆகவே 10:57. அதற்குப் பின்னால் கதவோரம் நின்ற ஒரு தாய், வன்னியிலிருந்து வந்து இங்கே குடியேறினவர், மெதுவாகச் சொன்னார்: "எங்களுக்கு அப்ப பழைய நேரம்தானே." உண்மைதான். விடுதலைப் புலிகள் இயக்கத்தின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகளில் புது நேரத்தை ஏற்கவே இல்லை. புது நேரமா பழைய நேரமா என்று கேட்காமல் அந்தக் காலத்தில் ஒரு கலியாண முகூர்த்தமும் குறிக்க முடியாது. ஆகவே பையன் சொன்ன 10:27ம் சரி, ஓமந்தைக்கு அப்பால். அவனுக்குச் சொக்லேட் கொடுக்க வேண்டியதாயிற்று.

நியூட்டன் அட்டைதான் எங்களை அதிகம் ஆட்டியது. "1642 டிசம்பர் 25: கலிலியோ இறந்த அதே ஆண்டில் நியூட்டன் பிறந்தார்." எவ்வளவு அழகான வசனம், நானே ரசித்துத் தமிழாக்கியது. கலிலியோ இறந்தது 1642 ஜனவரி 8, இத்தாலியில், கிரகோரியன் நாட்காட்டியில். நியூட்டன் பிறந்த இங்கிலாந்து அப்போதும் பழைய ஜூலியனிலேயே இருந்தது, 1752இல்தான் மாறியது. இடையில் பத்து நாள். நியூட்டனைக் கலிலியோவின் நாட்காட்டிக்குக் கொண்டுவந்தால் 1643 ஜனவரி 4. கலிலியோவை நியூட்டனின் நாட்காட்டிக்குத் தள்ளினால் 1641 டிசம்பர் 29. ஒரே நாட்காட்டியில் வைத்தால் இரண்டும் ஒரே ஆண்டில் நிற்கவே நிற்காது.

இதில் கொழும்புக்கும் பங்குண்டு. 1642இல் கொழும்புக் கோட்டை போர்த்துக்கேயர் கையில். அவர்கள் புதிய நாட்காட்டியை 1582இலேயே ஏற்றவர்கள். அதாவது நியூட்டன் பிறந்த அன்று லண்டனில் நத்தார், கொழும்புக் கோட்டையில் நத்தார் முடிந்து பத்து நாள். நாள் கணக்கில் இந்தத் துறைமுகம் லண்டனுக்கு முந்திக்கொண்டு நின்ற காலம் அது. பிள்ளைகள் இந்த அட்டையைத்தான் படமெடுத்துக்கொண்டு போனார்கள்.

கல்

24 அட்டையையும் மேசையில் பரப்பி வைத்தபோது இன்னொன்று கண்ணில் பட்டது. ஒன்றுகூட இந்தத் தீவில் நடந்ததில்லை. ஒன்றாவது சேர்ப்போம் என்று, செப்டெம்பரில் ஒரு சனிக்கிழமை பிள்ளைகளை ஐந்து ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு கறுவாத்தோட்டத்துத் தேசிய நூதனசாலைக்குப் போனோம். பார்க்கப் போனது காலி மும்மொழிக் கல்வெட்டு.

சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே தன் மூன்றாம் பயணத்தில் கொண்டுவந்த கல். ஒன்றரை மீற்றருக்குக் கொஞ்சம் குறைந்த உயரம், ஐந்து அங்குலத் தடிப்பு, உச்சியில் செதுக்கிய டிராகன்கள். ஒரே முகத்தில் சீனம், தமிழ், பாரசீகம். சீனப் பகுதி புத்தருக்குக் காணிக்கை சொல்கிறது. பாரசீகம் அல்லாவுக்கு. தமிழ்ப் பகுதி தெனவரை நாயனாருக்கு, அதாவது தெவிநுவரையில் இருந்த கோயிலின் தெய்வத்துக்கு. அந்தக் கோயிலை 1588இல் போர்த்துக்கேயர் இடித்தார்கள். மூன்று இடத்துக்கும் கொடுத்த காணிக்கை ஏறக்குறைய ஒரே அளவு: பொன் 1000, வெள்ளி 5000, பட்டுச் சுருள்கள், வாசனை எண்ணெய். யாரையும் மனம் நோகவிடாத கணக்குப்பிள்ளை ஒருவர் எழுதிய மாதிரி இருக்கும்.

எழுத்துகள் நன்றாகத் தேய்ந்துவிட்டன. பிள்ளைகள் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்கள். வெளிச்சம் பக்கத்திலிருந்து விழும் கோணத்தில் நின்றால் தமிழில் ஓரிரு எழுத்துப் பிடிபடும், நேரே நின்றால் வெறும் கல். புள்ளி இழந்த பிள்ளை ஒரு "ய"வைக் கண்டுபிடித்துவிட்டு அந்த இடத்தை விட்டு நகரவில்லை. மற்றவர்கள் வரிசையாக வந்து அவள் நின்ற அதே இடத்தில் நின்று பார்க்க வேண்டியிருந்தது.

இதற்கு எந்தத் திகதி போடுவது? சீனப் பகுதியில் நாள் இருக்கிறது: யொங்லே ஆட்சியின் ஏழாம் ஆண்டு, இரண்டாம் மாதம், முதல் நாள். ஐரோப்பாவின் அன்றைய ஜூலியன் கணக்கில் 1409 பெப்ரவரி 15. ஆனால் கல் அப்போது சீனாவில் இருந்தது. முன்கூட்டியே செதுக்கிக் கப்பலில் ஏற்றிய கல், தான் நடப்பட்ட நாளைத் தானே சொல்ல வழியில்லை. அந்தப் பயணம் 1411இல் முடிந்தது. முடிந்த விதமும் காணிக்கைப் பட்டியல் மாதிரிச் சாந்தமாக இல்லை. இங்கே ஆட்சி செய்த அழகேஸ்வரனோடு சண்டை நடந்து, அவனைச் சிறைபிடித்துச் சீனாவுக்குக் கொண்டுபோனார்கள். 2005இல் செங் ஹேயின் முதற் பயணத்தின் 600ஆம் ஆண்டை நட்புறவு விழாவாகக் கொண்டாடினார்கள். அவர்கள் எண்ணியது 1405 ஜூலை 11 முதல். 1411இலிருந்து எண்ணியிருந்தால் மேடைப் பேச்சு வேறாக இருந்திருக்கும்.

அப்புறம் கல்லைக் காணவில்லை, நூற்றாண்டுக் கணக்கில். 1911இல் காலியில் தொம்லின் என்ற பொறியியலாளர் கண்டுபிடித்தபோது அது ஒரு மதகின் மேல் மூடியாகக் கிடந்தது. எழுத்துள்ள முகம் கீழ்ப்பக்கம். எத்தனை வருடம் எத்தனை வண்டில் அதன்மேல் போயிருக்கும் என்று பையன்கள் கணக்குப் போடத் தொடங்கினார்கள். முகம் கீழே இருந்ததால்தான் இவ்வளவாவது மிஞ்சியது என்று ஐயா சொன்னார். அன்று அவரும் எங்களோடு வந்திருந்தார், ஓட்டோவில் முன்சீட்டில் ஓட்டுநரோடு நெருக்கிக்கொண்டு.

திரும்பி வந்து அட்டை எழுதும் வேலையை அந்தப் பிள்ளையிடமே கொடுத்தேன். இப்போது எங்கள் அட்டைகளில் திகதிக்குப் பக்கத்தில் "யாருடைய கணக்கில்" என்று ஒரு கட்டமும், கீழே "கொழும்பில் அப்போது" என்று இன்னொரு கட்டமும் இருக்கின்றன. அவள் செதுக்கிய நாள், கப்பல் திரும்பிய ஆண்டு, மதகில் கண்டெடுத்த ஆண்டு என்று மூன்றையும் எழுதினாள். சீனத் திகதியை அதன் பெயரோடேயே எழுதினாள். இடம் போதவில்லை. மிச்சத்தை அட்டையைத் திருப்பிப் பின்பக்கம் எழுதினாள். பலகையில் குத்தினால் பின்பக்கம் தெரியாது என்பது நான்கு குண்டூசியும் குத்திய பிறகுதான் எங்களில் ஒருவருக்கு உறைத்தது.

இப்போது அந்த ஒரு அட்டை மட்டும் நூலில் தொங்குகிறது. படியேறி வரும் பிள்ளைகள் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் மேலே வருகிறார்கள்.